மூன்றாவது ரேசர்

கோழி மார்க் ரேசர் சேதுராமனின் தாடையை இரண்டாவது தடவை கடித்தபோது காலை மணி ஆறரைகூட ஆகவில்லை. படிக்காரக் கட்டியை நனைத்துக் காயத்தில் ஒற்றிக்கொண்டு, கண்ணாடியில் தெரிந்த ஆளிடம், "இது தேறாது," என்று சொன்னான். கண்ணாடியில் இருந்தவனும் ஒத்துக்கொண்டான்.

காஜா பெராங் வட்டாரத்தில் ராஜரத்தினத்தின் மளிகைக் கடை என்றால் தெரியாதவர் கிடையாது. அந்தக் கடையின் மாடியறையில் தங்கி, கீழே சாமான் நிறுத்துக் கொடுப்பவன் சேதுராமன். வயது இருபத்தெட்டு. அவனிடம் இருந்த சொத்து இரண்டு. ஒன்று மீசை, மற்றொன்று கனவு. மீசை அளவாக இருந்தது. கனவுக்குத்தான் அளவு கிடையாது. சீனி கேட்டவருக்கு உப்பைக் கட்டிக் கொடுத்துவிட்டு, வாசல் வெயிலைப் பார்த்தபடி வேறெங்கோ போய்விடுவான். உடம்பு மட்டும் கடையில் நிற்கும்.

இப்பேர்ப்பட்ட ஆளிடம்தான் முதலாளி மூன்று ரேசர்களை நீட்டியிருந்தார்.

"சேது, முப்பத்தோராம் தேதி மெர்டேக்கா. வெள்ளக்காரன் கொடி எறங்கி நம்ம கொடி ஏறப் போவுது. அன்னிக்கு எவனாச்சும் தாடியோட போய் நிப்பானா? ஊரே மூஞ்சிய வழிச்சுக்கும் லா. நமக்கு ஒரு ரேசர் வேணும். மலிவா இருக்கணும், மானத்த வாங்கக் கூடாது. மூணுல எது நல்லதுன்னு பார்த்துச் சொல்லு."

"நானா முதலாளி?"

"ஒனக்கு மூஞ்சி இருக்குல்ல? அப்புறம் என்ன?"

சேதுராமன் அதை ஒரு பதவியாகவே எடுத்துக்கொண்டான். ரேசரின் கைப்பிடியைக் கண்ணாடி அலமாரி மேல் உருட்டிப் பார்த்தான். வளைந்த கைப்பிடி நொண்டிக்கொண்டே ஓடும். திருகைக் கழற்றி மாட்டி, மரை இறுகுகிறதா வழுக்குகிறதா என்று பார்த்தான். பிளேடைப் பொருத்தி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். இரண்டு பக்கமும் பிளேடின் விளிம்பு ஒரே அளவு வெளியே தெரிய வேண்டும். கோழி மார்க்கில் ஒரு பக்கம் எட்டிப் பார்த்தது, மறுபக்கம் வெட்கப்பட்டு உள்ளேயே இருந்தது. மலிவு ரேசரின் வண்டவாளம் எல்லாம் அந்த விளிம்பில்தான் இருக்கிறது.

இவை போக, அவனுக்கென்று ஒரு கடைசிப் பரீட்சை இருந்தது. நல்ல ரேசர் முகத்தில் இருப்பதே தெரியக் கூடாது. கையில் ரேசர் போய்க்கொண்டிருக்க, மனசு தன்பாட்டுக்குக் கனவு காண வேண்டும். கனவு கலைந்தால் ரேசர் மட்டம்.

மறுநாள் தாமரை மார்க். மினுமினுப்பும் கனமும் அருமை. ஆனால் மரை தேய்ந்தது. பாதிச் சவரத்தில் தலை கழன்று வலது கிருதாவில் கால் பங்கை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்தது. வலதுக்குச் சமமாக இடது கிருதாவைக் குறைத்தான். அது கொஞ்சம் அதிகமாகக் குறைந்தது. பிறகு வலதை மறுபடியும். காதுக்கு மேலே போவதற்குள் புத்தி வந்து நிறுத்திக்கொண்டான்.

மூன்றாவது ரேசருக்குப் பெயரே இல்லை. காக்கித் தாளில் சுற்றி நூல் கட்டியிருந்தது. எந்த ஊர்ச் சரக்கு என்று கொண்டுவந்த ஏஜெண்டுக்கே தெரியாது. இருப்பதிலேயே மலிவும் அதுதான்.

அந்தக் காலை மூடுபனி போட்டிருந்தது. பக்கத்துக் குடியிருப்பான செட்டிக் கம்பத்திலிருந்து யாரோ சம்பாலுக்கு மிளகாய் இடிக்கும் சத்தம் மெதுவாக வந்தது. சோப்பு நுரை வெதுவெதுப்பாக இருந்தது. சேதுராமன் ரேசரைக் கன்னத்தில் வைத்தான். வைத்தானா என்று சந்தேகமாக இருந்தது. கண் தானாக மூடிக்கொண்டது.

கமலவேணி வந்தாள்.

கமலவேணி தையற்காரி. பழைய தையலைப் பிரிக்க அவளுக்குப் பிளேடு வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் கடைக்கு வருவாள்.

"ஒரு பிளேடு குடுங்க."

"எந்த மார்க்கு?"

"எதுவா இருந்தா என்ன? துணி மார்க்கெல்லாம் கேக்காது."

இரண்டு வருஷமாக அவர்கள் காதலித்தது இவ்வளவுதான். ஆனால் கனவில் அவள் நிறையப் பேசினாள். உஜோங் பாசிர் கடற்கரையில் உட்கார்ந்து, அடிவானக் கோட்டை நூலாக இழுத்து ஊசியில் கோத்துக்கொண்டிருந்தாள். "இங்க வந்து இந்தப் பக்கத்தப் புடிங்க," என்றாள். அவன் கடலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். அவள் தைக்கத் தைக்க அலைகள் மடிப்பு மடிப்பாக அவன் மடியில் வந்து விழுந்தன. வாழ்க்கையில் இவ்வளவு சுகமாக அவன் இருந்ததே இல்லை.

கண்ணைத் திறந்தான். மீசையில் வலது பாதி இல்லை.

வலிக்கவில்லை, எரியவில்லை, ஒரு பொட்டு ரத்தம் இல்லை. மூன்றாவது ரேசர் பரீட்சையில் முழு மார்க் வாங்கிவிட்டது. அதற்காகச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல், மிச்சத்தைச் சரிக்கட்டப் பார்த்தான். இடதைக் குறைத்தான், நடுவில் ஈ உட்கார்ந்த மாதிரி ஒரு பொட்டு நின்றது. அதோடு வெளியே போவதற்குப் போகாமலே இருக்கலாம். அந்த ஈயையும் ஓட்டிவிட்டுக் கீழே இறங்கினான்.

முதல் வாடிக்கையாளர் கணபதி. செட்டிக் கம்பத்துக்காரர். அவர் வீட்டில் பேசுவது மலாய். தமிழ் எப்போதாவது விருந்தாளி மாதிரி வந்துபோகும். சேதுராமனை நிமிர்ந்து பார்த்தவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். தன் மேலுதட்டைத் தொட்டார். வானத்தைக் காட்டினார்.

"காசியான், சேது, காசியான்," என்று மலாயில் பாவப்பட்டு அவன் தோளைத் தட்டிவிட்டு, வந்த சாமானை வாங்காமலே போய்விட்டார்.

அப்போதுதான் சேதுராமனுக்கு உறைத்தது. தகப்பன் செத்தால்தான் தமிழன் மீசையை எடுப்பான். தகப்பன் இருக்கும்போது எடுக்கிற பிள்ளை இந்த ஊரில் பிறக்கவில்லை. ஆகவே, காஜா பெராங்கின் கணக்குப்படி, செங் வட்டாரத்து ரப்பர்த் தோட்டத்தில் கணக்குக் கிராணியாக இருந்து ஓய்வெடுத்துக்கொண்டிருக்கும் அவன் தகப்பன் நல்லையா இன்று காலை ஏழு மணிக்குள் காலமாகிவிட்டார்.

முதலாளி வருவதற்குள் கடை வாசலில் எட்டுப் பேர் நின்றார்கள்.

"அப்பா எப்ப போனாரு?" என்று முதலாளி கேட்டார்.

சேதுராமன் அவரை அரிசி மூட்டைக்குப் பின்னால் இழுத்துப் போனான். "போகல முதலாளி. ரேசர்தான்."

"எது?"

"மூணாவது. எடுத்ததே தெரியல முதலாளி. என்னா ரேசர் தெரியுமா! வெச்ச எடம் தெரியல, போன எடம் தெரியல."

முதலாளியின் முகம் மலர்ந்து, பிறகு வாடியது. "அடப்பாவி. நேத்தே அதுல பன்னெண்டு டஜனுக்குச் சொல்லிட்டேன்டா."

"அப்புறம் எதுக்கு என்னப் பார்க்கச் சொன்னீங்க?"

"மனசு திருப்திக்கு லா! இப்ப பாரு. நம்ம ரேசர் மீசயத் தின்னுடும்னு வெளிய தெரிஞ்சா எவன் வாங்குவான்? தமிழன் தலயக் குடுப்பான், மீசயக் குடுப்பானா?" முதலாளி வாசலை எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "சேது, ஒரு பத்து நாளைக்கு ஒங்கப்பா செத்தே இருக்கட்டும்."

"முதலாளி! அவரு செங்ல கோழிக்குத் தீனி போட்டுக்கிட்டு இருக்காரு!"

"போடட்டும். நான் வேணாங்கல. அங்க உயிரோட இருக்கட்டும், இங்க செத்திருக்கட்டும். ரெண்டுக்கும் நடுவுல அஞ்சு மைலு இருக்குல்ல?"

சேதுராமன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் வாசலில் இருந்த ஒருவர், "எடுக்கறது எத்தன மணிக்கு? பஸ்ஸு புடிக்கணும்," என்று குரல் கொடுத்தார்.

செங்குக்கு பஸ் ஏறினால் கதை கந்தல். முதலாளி துண்டை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

"எடுக்கறதுக்கு என்னய்யா இருக்கு? சொந்த ஊரப் பார்க்கணும்னு கப்பலேறிப் போனாரு. நடுக்கடல்ல மாரடைப்பு. கடல்லயே விட்டுட்டாங்க. தந்திக் கம்பியில சேதி வந்துச்சு."

கூட்டம் 'த்சொ' கொட்டியது. எட்டுப் பேரும் உள்ளே வந்து சேதுராமனின் கையைப் பிடித்தார்கள். போகும்போது மூன்று பேர் ரேசர் கேட்டார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம், "புதுச் சரக்கு வருது, பையன் சொந்த மூஞ்சில பார்த்து எடுத்தது," என்று முதலாளி மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

சேதுராமனுக்கு அப்பா என்றால் உயிர். அம்மா அவனுடைய ஆறாவது வயதிலேயே போய்விட்டாள். சோறு பொங்கிப் போட்டு, தலை வாரிவிட்டு வளர்த்ததெல்லாம் நல்லையாதான். அப்பேர்ப்பட்ட மனிதரைக் கடலில் தூக்கிப் போட்டுவிட்டோமே என்று அன்றிரவு அவன் அழுதான். தூக்கத்தில் அப்பா வந்தார். கழுத்தளவு கடலில் நின்றுகொண்டு, கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டாயா என்று கேட்டார். அலை மேல் கோழிகள் வரிசையாக மிதந்து போயின.

அப்பா சனிக்கிழமை தவறாமல் டவுன் பசாருக்குக் காய்கறி வாங்க வருகிறவர். அதைத் தடுக்க வேண்டும். விடிந்ததும் ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டான்: "அப்பா, பத்து நாளைக்கு டவுன் பக்கம் வர வேண்டாம். காரணம் கேட்காதீர்கள்."

காரணம் கேட்காமல் அப்பா ஒரு தீப்பெட்டிகூட வாங்கியதில்லை. ஆனால் பதில் உடனே வந்தது: "சரி. நான் நலம். நீ வேளைக்குச் சாப்பிடு."

சேதுராமன் ஆச்சரியப்பட்டான். மேற்கொண்டு ஆச்சரியப்பட அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. அன்று சாயங்காலம் கடைக்குள் கருணாகரன் நுழைந்தார்.

கருணாகரன் யார் என்று சொல்ல வேண்டும். ரோடு ஓவர்சியர். கமலவேணியின் தகப்பனார். மூன்று வருஷத்துக்கு முன்பு செங் சந்நியாசி மலைக் கோயிலில் மாசி மகத்தன்று, ஒலிபெருக்கியில் அவர் தேவாரம் பாடினார். இரண்டாவது பாட்டில் நல்லையா போய் மின்சாரத்தை நிறுத்திவிட்டார். "கொழந்தைங்க பயப்படுதுங்க," என்று காரணமும் சொன்னார். கூட்டம் சிரித்துவிட்டது. கருணாகரன் அந்த இடத்திலேயே சூடத்தை ஏற்றினார். "இந்த நல்லையா உசுரோட இருக்கற வரைக்கும் அவன் குடும்பத்துக்கும் எனக்கும் ஒட்டு இல்ல, ஒறவு இல்ல," என்று ஓங்கி அடித்து அணைத்தார்.

கோபத்தில் சொன்ன வார்த்தை கோபத்தோடு போய்விடும். சூடம் அடித்துச் சொன்னது போகாது. அதற்குப் பிறகு மகளுக்கு வந்த நல்ல வரன்களையெல்லாம் அவர் ஏதாவது குறை சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். மகளும் ஏன் என்று கேட்கவில்லை. ஊருக்கு அது புரியவில்லை.

அந்தக் கருணாகரன் வந்து, சேதுராமனின் மேலுதட்டை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்து முகம் முழுவதையும் மூடிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. வெகுநேரம் குலுங்கின.

"கடலா கொண்டு போச்சு? கடலா?" என்று துண்டுக்குள்ளிருந்து கேட்டார்.

"ஆமாங்க," என்றார் முதலாளி, சேதுராமனை முந்திக்கொண்டு.

"எப்பேர்ப்பட்ட மனுசன்! அவரோட போய்ச் சண்ட போட்டேனே." துண்டை எடுத்தபோது கண் சிவந்திருந்தது. "தம்பி, சூடத்துக்கு நான் கட்டுப்பட்டவன். அவரு இருக்கற வரைக்கும்னுதான் சொன்னேன். இப்பதான் அவரு இல்லையே. எம்பொண்ணு கமலவேணிய ஒனக்குக் குடுக்கறேன்."

சேதுராமன் அலமாரியைப் பிடித்துக்கொண்டான். கடைக்குள் சாயங்கால வெயில் மஞ்சளாக வந்து அரிசி மூட்டைகள் மேல் உட்கார்ந்தது. ஜாடியில் இருந்த மிட்டாய்களெல்லாம் ஒவ்வொன்றாக விளக்கு ஏற்றிக்கொண்டன. இதுவும் கனவுதான், இப்போது கண்ணைத் திறந்தால் மிச்சமிருக்கும் புருவமும் போயிருக்கும் என்று நினைத்தான்.

"அதுக்கு வருசம் திரும்பணுமேங்க?" என்றார் முதலாளி.

"எதுக்கு? கடல்ல போனவங்க தீட்டு கரை ஏறாது. வர்ற புதன்கெழம காலையில நிச்சயதாம்பூலம்."

"அது எந்த சாஸ்திரத்துல?"

"எங்க வீட்டு சாஸ்திரத்துல," என்று சொல்லிவிட்டுக் கருணாகரன் போனார்.

இப்போது சேதுராமனின் நிலையைப் பாருங்கள். அப்பா உயிரோடு இருக்கிறார் என்று சொன்னால் கமலவேணி கிடைக்க மாட்டாள். அப்பா செத்துவிட்டார் என்று சொன்னால் அப்பா கிடைக்க மாட்டார். வீட்டுக்கு மருமகளைக் கூட்டிக்கொண்டு போய், "இவர்தான் காலமான என் தகப்பனார், விழுந்து கும்பிடு," என்றா சொல்ல முடியும்? முதலாளியிடம் கேட்டான்.

"மொதல்ல தாம்பூலத்த மாத்து. கப்பல்லேருந்து விழுந்தவரு நீந்தி வந்துட்டாருன்னு சொல்லிக்கலாம்," என்றார் அவர்.

"நடுக்கடல்லேருந்தா?"

"செங்குக்கு நீந்தி வர்றது கஷ்டம்தான்," என்று முதலாளி ஒத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கமலவேணி வந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை.

"ஒரு பிளேடு குடுங்க."

அவனுக்கு மார்க்கு கேட்கத் தோன்றவில்லை. எடுத்துக் கொடுத்தான்.

"ஒங்களுக்கு இது நல்லா இருக்கு," என்றாள் அவள், தன் மேலுதட்டைத் தொட்டுக் காட்டி. "இப்பதான் சிரிக்கறீங்களா அழறீங்களான்னே தெரியுது."

"கமலவேணி, நான் ஒண்ணு சொல்லணும்."

"புதன்கெழம சொல்லுங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் போன பிறகும் கடை வாசல் வெகுநேரம் வெளிச்சமாக இருந்தது.

ரேசர் பன்னிரண்டு டஜனும் வந்திறங்கி விற்றுக்கொண்டிருந்தது. சுதந்திரத்துக்கு ஆயத்தமாக ஊர் வழுவழுவென்று ஆகிக்கொண்டு வந்தது. தெருக்களில் தோரணம் கட்டினார்கள். ரேசரைப் பற்றி யார் கேட்டாலும் சேதுராமன், "கண்ணத் தொறந்து வெச்சுக்கிட்டு வழிங்க," என்று மட்டும் சொன்னான். அப்பாவை இழந்த பையன் ஏதோ தத்துவம் சொல்கிறான் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

புதன்கிழமை. உஜோங் பாசிரில் கருணாகரன் வீடு. வாசலில் நின்றால் கடல் தெரியும். உள்ளே பாய் விரித்திருந்தார்கள். தேங்காய், பழம், வெற்றிலை, மஞ்சள், பட்டு எல்லாம் தட்டுகளில் வரிசையாக இருந்தன. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவராக முதலாளி நடுவில் உட்கார்ந்திருந்தார். சன்னமாகக் காற்று வந்தது. உள்ளறைத் திரை லேசாக விலகி, கமலவேணியின் வளையல் கை தெரிந்தது.

"தட்ட எடுங்க, நேரமாச்சு," என்றார் கருணாகரன்.

சேதுராமனின் கண் தட்டுக்கு அப்பால் போனது. வாசல் வழியாகக் கடல் தெரிந்தது. அதில் கழுத்தளவு தண்ணீரில் அப்பா நின்றார். கோபமில்லை. வேளைக்குச் சாப்பிடு என்று மட்டும் சொன்னார். அப்பாவைக் கொன்று கிடைக்கிற கல்யாணம் எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் தொண்டையில் இறங்காது என்று அந்த நிமிஷம் தெரிந்துவிட்டது.

"ஒரு நிமிசம், தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்," என்று எழுந்தான். முதலாளி அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தார். வேட்டி வந்துவிடும் போலிருந்ததால் விட்டுவிட்டார்.

அடுப்படியில் கருணாகரனின் தங்கை அஞ்சலை, பெரிய சட்டியில் கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். சேதுராமன் நேரே போய் அவள் காலில் விழுந்தான்.

"அத்தே, நான் பெரிய பாவி. தாம்பூலத்த மாத்த வேணாம்னு ஒங்க அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. அவரு மூஞ்சியப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல."

"ஏந்தம்பி? பொண்ணு புடிக்கலையா?"

"ஐயோ, அவ இல்லாட்டி எனக்கு ஒண்ணுமே இல்ல அத்தே. ஆனா எங்கப்பா சாகல. கப்பலும் இல்ல, கடலும் இல்ல. ஒரு ரேசர் நல்லா இருக்கான்னு பார்க்கப் போயி மீச போச்சு, அவ்வளவுதான். எங்கப்பா செங்ல குத்துக்கல்லாட்டம் இருக்காரு. சத்தியம் சத்தியந்தான். எனக்குப் பொண்ணு வேணாம், எங்கப்பாவத் திருப்பிக் குடுத்துடுங்க."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கமலவேணி போய்விட்டாள் என்று மனசு சொன்னது. அடிவானத்து நூல் அறுந்து, கடல் முழுக்க அவிழ்ந்து தூரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

அஞ்சலை கிண்டுவதை நிறுத்தவில்லை. ஒரு கை முந்திரிப் பருப்பை எடுத்துச் சட்டியில் தூவினாள்.

"எந்திரிங்க தம்பி, வேட்டி அழுக்காவுது," என்றாள். "ஒங்கப்பா செத்த சேதிய போன வாரம் இந்த வீட்டுக்கு வந்து, எங்கண்ணன் காதோட காதா சொல்லிட்டுப் போனதே ஒங்கப்பாதானே!"